மணல்திட்டில் தோண்டிய பள்ளிக்கூடம்

ஆற்றுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. அதில் ஈச்சம்மா என்கிற முள்ளம்பன்றியும் அவள் மகள் குருத்தும் இருந்தார்கள். அவர்கள் மட்டுமா? முயல், கீரி, அணில், உடும்பு, காட்டுக்கோழி என்று ஒரு ஊரே அங்கே கிடந்தது.

ஊர் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "இது ஊர் இல்லை. நாங்க வழியில நிக்கிறோம்" என்பார்கள்.

அவர்களுடைய ஊர் கரட்டுமலை. ஒரு கோடையில் அங்கே தீப்பிடித்தது. வளையை விட்டு, கூட்டை விட்டு, வாலில் பொறி பறக்க ஓடிவந்து ஆற்றில் குதித்தார்கள். தப்பியவர்கள் இந்தத் திட்டில் ஒதுங்கினார்கள். அக்கரையில் பெருங்காடு பச்சைப் பசேலென்று தெரிந்தது. ஆனால் நடுவில் ஆழம். ஆழத்தில் முதலைகள்.

இரண்டாம் நாள் அக்கரையிலிருந்து ஒரு கூழைக்கடா பறந்துவந்தார். அலகுக்குக் கீழே பை தொங்க, எல்லோர் பெயரையும் கேட்டுக்கொண்டார்.

"பெருங்காட்டுல இடம் பார்த்து ஒவ்வொருத்தரா கூப்பிடுவோம். யானை வந்து முதுகுல ஏத்திக்கிட்டுப் போகும். ஒரு தடவைக்கு ஏழு பேர்தான். அதுவரைக்கும் பொறுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தடவையிலேயே ஈச்சம்மாவின் கணவன் கூரனுக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அப்போது குருத்து வயிற்றில் இருந்தாள்.

"நான் முன்னாடி போய் நல்ல இடமா பார்த்து வைக்கிறேன். நீ பின்னாடியே வந்துடு" என்று கூரன் சொன்னான்.

அந்தப் 'பின்னாடியே' இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. குருத்து திட்டிலேயே பிறந்து வளர்ந்தாள். அப்பா முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

திட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் குழி தோண்டக் கூடாது. கூடு கட்டினாலும் மூன்று குச்சிக்கு மேல் வைக்கக் கூடாது. இந்த வழக்கம் சிலுப்பன் என்கிற கீரியால் வந்தது. வந்த புதிதில் அவன் ஒருவன்தான் அழகாக ஒரு வளை தோண்டிக் குடியிருந்தான். அடுத்த அழைப்பில் யார் யாரோ போனார்கள். அவன் போகவில்லை. அன்று மாலையே வளையை மூடிவிட்டு வந்து சொன்னான்.

"குழி தோண்டினேன்ல, அதான் என் பேரை அடிச்சுட்டாங்க. இவனுக்குத்தான் இங்கேயே வீடு இருக்கேன்னு நினைச்சிருப்பாங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு நகம் கூட மண்ணில் படவில்லை. மழை வந்தால் நாணலுக்கு அடியில் நனைந்தார்கள். வெயில் வந்தால் காய்ந்தார்கள். விடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து "இன்னிக்கா?" என்று கேட்பார்கள். "இன்னிக்குத்தான்" என்று பதில் வரும். பிறகு எல்லோரும் அக்கரையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு நாள் குருத்து சும்மா இருக்க முடியாமல் மண்ணைப் பிராண்டினாள். ஒரு கையளவு பள்ளம் விழுந்தது.

"ஏய், காலை எடு" என்று சிலுப்பன் பாய்ந்து வந்தான். "ஆத்தா பேரைக் கெடுக்கவா பொறந்தே? மூடு, மூடு."

ஈச்சம்மாவே ஓடிவந்து பள்ளத்தைத் தட்டிச் சமப்படுத்தினாள்.

குருத்து தன் முன்னங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, என் நகம் ஏன் இவ்ளோ நீளமா வளைஞ்சிருக்கு?"

"தோண்டுறதுக்கு."

"தோண்டுறதுன்னா என்னம்மா?"

ஈச்சம்மா மகளின் நகத்தையே பார்த்தாள். முள்ளம்பன்றி வயிற்றில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

அன்று உச்சிவேளையில் ஒரு பருந்து இறங்கியது. பஞ்சி என்கிற முயலின் கடைக்குட்டி பொரி, நடுமணலில் நின்று அதை வாய் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பருந்து வந்தால் பதுங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. பதுங்க இடமும் இல்லை. பஞ்சி அலறிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் ஈச்சம்மா முள்ளை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். பருந்து விலகியது. ஆனால் போகிற போக்கில் பொரியின் காது நுனியைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

பஞ்சி குட்டியை நக்கிக்கொண்டே அழுதாள். "அங்கே போனதும் எல்லாம் சொல்லிக் கொடுத்துக்கலாம்னு இருந்தேன் மதினி. பதுங்குறது, பாயுறது, எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றாள் ஈச்சம்மா.

அவள் வெகுநேரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே எங்கோ ஒரு மரத்தடியில் கூரன் இருப்பான். பெயரை அடித்துவிட்டால் அவ்வளவுதான். குருத்து அப்பாவைப் பார்க்கவே முடியாது. ஆனால் தோண்டத் தெரியாத மகளை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி என்ன சொல்வது? இத்தனை நாள் என்ன செய்தாய் என்று அவன் கேட்டால்?

திரும்பி வந்தாள். திட்டின் மேட்டில், எல்லோரும் பார்க்க, மண்ணில் நகத்தை வைத்தாள்.

"ஈச்சம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று சிலுப்பன் கத்தினான். "உன் பேரை அடிச்சுடுவாங்க."

"அடிச்சா என் பேரைத்தானே அடிப்பாங்க? உனக்கென்ன?"

"உன்னால எல்லார் பேரையும் அடிச்சுட்டா?"

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. நான்தான் தோண்டினேன்னு நானே சொல்லிக்கிறேன். குருத்து, இங்கே வா. நல்லாப் பாரு. இதுக்குப் பேருதான் தோண்டுறது."

குருத்து தோண்டினாள். முதலில் மண்ணை எல்லாம் தன் மூஞ்சியிலேயே போட்டுக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் பொரி பக்கத்தில் வந்தான். அவன் பின்னாலேயே பஞ்சி வந்தாள். பின்னங்காலால் மண்ணைத் தள்ளி விட்டுக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய வளை தயாரானது. உள்ளே பதினோரு குட்டிகள் உட்காரலாம். அதைத்தான் பள்ளிக்கூடம் என்றார்கள்.

ஈச்சம்மா தோண்டக் கற்றுக்கொடுத்தாள். பஞ்சி அசையாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தாள். மூக்கு கூடத் துடிக்கக் கூடாது. அதுதான் பொரிக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. காட்டுக்கோழி எது தின்கிற விதை, எது தின்னாத விதை என்று பிரித்துக் காட்டினாள். வளைக்குள் போய்ப் பதுங்கிவிட்டால், ஈச்சம்மா மூன்று தரம் முள்ளைக் குலுக்கிச் சத்தம் கொடுத்தால்தான் வெளியே வர வேண்டும். அது பள்ளிக்கூடத்துச் சட்டம்.

ஒரு நாள் குருத்து கேட்டாள். "அம்மா, அக்கரையில ஆபத்து வந்தா யாரும்மா நமக்குச் சொல்வாங்க?"

"கரட்டுமலையில மயில் சொல்லும். இங்கே..." ஈச்சம்மா நிறுத்திவிட்டாள். பெருங்காட்டுக் குரல்கள் அவளுக்குத் தெரியாது.

"மந்தி சொல்லும்" என்று ஒரு குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தால் உடும்பார். திட்டின் ஓரப் பாறையில் காலையில் படுத்தால் பொழுது சாய்கிறவரை அக்கரையைப் பார்த்தபடி கிடப்பவர். சோம்பேறி என்று பெயர் வாங்கியவர்.

"பெரிய மந்தி 'கெக் கெக்'னு இருமினா சிறுத்தை. கடமான் ஒரே ஒரு தரம் கணீர்னு கத்தினா புலி. தவிட்டுக்குருவிங்க கூட்டமா சண்டை போட்டா கீழே பாம்பு" என்றார் உடும்பார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், மாமா?" என்று பொரி கேட்டான்.

"ரெண்டு மழைக்காலமா எனக்கு வேற என்ன வேலை? கேட்டுக்கிட்டே கிடந்தேன்."

"அப்போ நீங்க சும்மா இல்லையா?"

"சும்மாதான் இருந்தேன். இன்னிக்குத்தான் அது படிப்புன்னு தெரியுது."

அன்றிலிருந்து காலைப் பாடம் உடும்பாருடையது. குட்டிகள் வரிசையாகக் கரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு அக்கரையைக் கேட்டார்கள். முன்பு அழுதுகொண்டே பார்த்த கரை அது. இப்போது அங்கே ஒரு பெரிய மந்தி இருமினால் பதினோரு குட்டிகளும் "சிறுத்தை" என்றார்கள். தள்ளி நின்று பார்த்த பெரியவர்களும் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "எனக்கும் அந்தக் கடமானை இன்னொரு தரம் சொல்லுங்க" என்று காட்டுக்கோழி வெட்கத்தோடு கேட்டாள்.

சிலுப்பன் மட்டும் கிட்டவே வரவில்லை. தூரத்தில் நின்று, "வரட்டும், கூழைக்கடா வரட்டும், அப்போ தெரியும்" என்று முணுமுணுத்தான்.

ஒரு காலை கூழைக்கடா வந்தார். ஆற்றின் மேல் அவருடைய பெரிய இறக்கைகள் தெரிந்ததுமே திட்டு கலங்கிப்போனது. இத்தனை நாள் இருந்த தைரியமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மூடுங்க! குழியை மூடுங்க!" என்று சிலுப்பன் ஓடிவந்தான். நாலு பேர் அவன் பின்னால் மண்ணைத் தள்ள ஓடினார்கள்.

"உள்ளே பிள்ளைங்க இருக்காங்க" என்றாள் பஞ்சி.

அப்போது பதுங்கும் பாடம். பதினோரு பேரும் வளைக்குள் இருந்தார்கள்.

"டேய் பொரி, வெளியே வாடா. அம்மா கூப்பிடறேன்" என்றாள் பஞ்சி. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. காட்டுக்கோழி கூப்பிட்டாள். அணில் கூப்பிட்டாள். சிலுப்பன் வளை வாயில் தலையை விட்டு மிரட்டினான். ம்ஹூம்.

பஞ்சி எட்டிப் பார்த்தாள். இருட்டில் பொரி உட்கார்ந்திருந்தான். மூக்கு கூடத் துடிக்கவில்லை.

பஞ்சியின் முகம் மாறிவிட்டது. "பாத்தியா மதினி, பெத்தவ கூப்பிட்டும் அசைய மாட்டேங்குதுங்க" என்றாள். சொல்லும்போதே பெருமையில் அவள் காது இரண்டும் நிமிர்ந்தன. அப்படியே வளை வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

சிலுப்பன் ஈச்சம்மாவிடம் கெஞ்சினான். "முள்ளை ஆட்டு, ஈச்சம்மா. நீ ஆட்டினா வந்துடுவாங்க. ஒரு நிமிஷம், மூடிடலாம். உன் கூரனை நினைச்சுப் பாரு."

ஈச்சம்மா கூரனை நினைத்துப் பார்க்காத நேரம் ஏது? அக்கரை அந்தக் காலை வெளிச்சத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல் தெரிந்தது. மூன்று தரம் முள்ளைக் குலுக்கினால் போதும். ஆனால் இப்போது குலுக்கினால், குட்டிகள் வெளியே வந்து பார்ப்பார்கள். தாங்கள் தோண்டியதைத் தங்கள் அம்மா அப்பாவே பயந்து மூடுவதைப் பார்ப்பார்கள். படித்தது ஏதோ திருட்டு வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் ஒரு முள்ளைக் கூட அசைக்கவில்லை.

கூழைக்கடா இறங்கினார். ஆடி ஆடி மேட்டுக்கு நடந்து வந்தார். வளையைப் பார்த்தார். குவிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"யார் தோண்டினது இது?"

"நான்தான் ஐயா" என்றாள் ஈச்சம்மா. "மத்தவங்க பேரு இதுல வரக் கூடாது."

"ஏன் வரக் கூடாது? மண்ணு தள்ளினது நான்" என்றாள் பஞ்சி.

"விதை பிரிச்சுக் காட்டினது நான்" என்றாள் காட்டுக்கோழி. குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னாள்.

"காலைப் பாடம் என்னுது" என்று பாறையிலிருந்து உடும்பார் சொன்னார். எழுந்து வரத்தான் இல்லை. "எழுதிக்கணும்னா எழுதிக்கங்க."

கூழைக்கடாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல வளைதானே தோண்டியிருக்கீங்க? இத்தனை நாளா நனைஞ்சுக்கிட்டுக் கிடந்தீங்களே, இதை முன்னாடியே செய்யறதுக்கு என்ன?"

"தோண்டினா பேரை அடிச்சுடுவீங்களாமே?"

"நாங்களா? யார் சொன்னது?"

எல்லோரும் சிலுப்பனைப் பார்த்தார்கள். சிலுப்பனின் வால் மயிர் சிலிர்த்து, பிறகு அடங்கியது.

கூழைக்கடா அவனை உற்றுப் பார்த்தார். "நீ சிலுப்பன்தானே? உன்னை நான் அன்னிக்கே வந்து கூப்பிட்டேனேப்பா. பெரிய மழை. உன் வளை வாசல்ல நின்னு மூணு தரம் கூப்பிட்டேன். நீ வரலை. யானை ஒரு இடம் காலியாத்தான் போச்சு. கூப்பிட்டு வராதவங்க பேரு கடைசிக்குப் போயிடும். அதுதான் எங்க வழக்கம். அடிக்கிறதெல்லாம் கிடையாது."

சிலுப்பன் தலையைத் தொங்கப் போட்டான்.

"தூங்கிட்டேன்" என்றான் சிலுப்பன். "தீயில ஓடிவந்ததுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துச்சு. முழிச்சு வெளியே வந்தா, ஈர மண்ணுல ஐயாவோட கால் தடம். யானை நடு ஆத்துல போகுது. தூங்கி விட்டுட்டேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது? அதான், அடிச்சுட்டாங்கன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் அதைக் கேட்டுக்கிட்டு இப்படி நனைவீங்கன்னு நான் நினைக்கலை."

காட்டுக்கோழி கொத்தப் போய்விட்டாள். "ரெண்டு மழைக்காலம்! என் குஞ்சுங்க நனைஞ்சது எல்லாம் உன் தூக்கத்துக்கா?"

ஈச்சம்மாவுக்கும் கோபம்தான். முள்ளெல்லாம் தானாக நிமிர்ந்தது. ஆனால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிற அவனைப் பார்த்ததும் அது தணிந்தது. அவள் சொன்னாள்.

"வானமே ஒழுகற மாதிரி மழையில, கூப்பிட்டது கூடக் கேட்காம தூங்கியிருக்கான்னா, அது எப்பேர்ப்பட்ட வளையா இருக்கணும்? என் வளையில ஓரமா தண்ணி இறங்குது. தண்ணி இறங்காம தோண்டுறது எப்படின்னு நாளையிலேருந்து இவன் வந்து சொல்லிக் கொடுக்கட்டும். மழை பெஞ்சா ஒருத்தர் வெளியே முழிச்சுக் காவல் இருக்கணும்கிறதையும் இவனே சொல்லட்டும்."

முதலில் சிரித்தது உடும்பார்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிலுப்பன் கூடச் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் ஈச்சம்மா முள்ளைக் குலுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். கூழைக்கடா அவர்களை நன்றாகப் பார்க்க இறக்கையை லேசாக விரித்தார். மறுகணம் ஒருவரும் இல்லை. பதினோரு பேரும் வளைக்குள்.

"இதுங்களுக்கு நானும் பருந்தும் ஒண்ணா?" என்று அவர் சிரித்தார்.

அன்று மூன்று பேரை அழைத்தார். ஈச்சம்மா அதில் இல்லை.

"என் பேரு இருக்கா ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கும்மா. இன்னிக்கு இல்லை. அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். மதியப் பாடத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து திட்டில் மண் பறந்தது. வீட்டுக்கு ஒரு வளை. காட்டுக்கோழி எண்பது குச்சி வைத்துக் கூடு கட்டினாள். சிலுப்பன் ஒவ்வொரு வளையாகப் போய், "வாசலை மேடாக்கு, இல்லேன்னா தண்ணி உள்ளே வரும்" என்று அதட்டிக்கொண்டு திரிந்தான். எல்லா வளையையும் அவனே தோண்டியது போல அவ்வளவு மிடுக்கு. வேறொரு மலையில் தீப்பிடித்து, புதிதாகச் சிலர் நீந்தி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முதலில் உலர்ந்த வளை கொடுத்தார்கள். மறுநாள் காலை அவர்கள் குட்டிகளை உடும்பார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "இது என்ன ஊர்?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். "எங்க ஊர்" என்று பொரி சொன்னான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

இன்னொரு மழைக்காலம் முடிந்தபோது கூழைக்கடா ஈச்சம்மாவின் வாசலுக்கு வந்தார். "நீயும் உன் மகளும்" என்றார்.

பள்ளிக்கூடத்தைப் பஞ்சியிடமும் சிலுப்பனிடமும் விட்டுவிட்டு, மகளோடு யானை முதுகில் ஏறினாள் ஈச்சம்மா.

அக்கரையில் கூரன் தண்ணீர் ஓரத்திலேயே நின்றிருந்தான். குருத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் முன்னங்கால்களையும் தன்னுடையதையும் ஒப்பிட்டாள். "அதே நகம்தான். அப்பாதான்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

பார்க்க வந்திருந்த ஒரு புள்ளிமான் இரக்கத்தோடு உச்சுக்கொட்டியது. "பாவம், எத்தனை நாளா சும்மாவே கிடந்தீங்களோ. இங்கே எதுவும் தெரியாதே உங்களுக்கு. மெல்லமா நாங்க சொல்லித் தர்றோம்."

அது சொல்லி முடிப்பதற்குள் மேலே 'கெக் கெக்' என்று ஒரு மந்தி இருமியது. மான் வெடவெடத்து ஓடக் காலைத் தூக்கியது.

குருத்து நகரவில்லை. காதை மட்டும் ஒரு பக்கம் சாய்த்தாள். "ஓடாதீங்க அக்கா. அது குட்டி மந்தி, விளையாட்டுக்குக் கத்துது. நெஜமா சிறுத்தை வந்தா பெரிய மந்தியும் கூடச் சேர்ந்து இருமும்ல?"

மான் நின்றது. காட்டில் பெரிய மந்தியின் குரல் எதுவும் இல்லை. மேலே கிளையில் ஒரு குட்டி மந்தி, மாட்டிக்கொண்டவன் போல இலைக்குள் முகத்தை ஒளித்தது.

"இன்னிக்குத்தானே வந்தே நீ? இதை எங்கே படிச்சே?" என்று மான் கேட்டது.

குருத்து முள்ளெல்லாம் நிமிர நின்று, ஆற்றின் நடுவே தெரிந்த திட்டைக் காட்டினாள். "அங்கே. எங்க பள்ளிக்கூடத்துல. எங்கம்மாதான் முதல் மண்ணு எடுத்தாங்க."

ஈச்சம்மா முன்னால் நடந்தாள். கூரன் அவளைப் பார்த்தான். அவள் நடந்த நடையில் மூன்று மழைக்காலத்தின் களைப்பு இல்லை.

காத்திருக்கும் நாட்களையும் தங்கள் வாழ்நாளாக எண்ணிக் கற்றும் கற்பித்தும் வாழ்கிறவர்கள், எந்தக் கரையில் இறங்கினாலும் தலை நிமிர்ந்தே இறங்குவார்கள்.